நாலு கிராம்

மூன்று வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை,
மூன்று வருஷமாக வெளுத்த நகம்.
மேலேயிருந்து குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, கீழேயிருந்தும்.
இரண்டுக்கும் எட்டாத நடுவில்
எங்கோ கசிகிறது
சிவதாபுரம் மாதையனுக்கு.

எங்கள் ஆய்வில் அவர் பதினேழாம் எண்.
கட்டைவிரலை நீட்டினார்.
அமிலம் தின்ற விரல்;
மை ஒட்டியது, ரேகை விழவில்லை.

கேமரா வைத்த மாத்திரையை விழுங்கினார்.
நாலு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றதும்
சிரித்தார்:
"பட்டறையில பழக்கந்தான்."

இரவு எனக்கு ஐம்பதாயிரம் படங்கள்.
ஏற்காட்டுச் சாலைபோல் வளைவுக்கு மேல் வளைவு,
எத்தனையாவது என்று எழுதிய பலகைதான் இல்லை.
ஈர இளஞ்சிவப்பு. பித்த மஞ்சள்.
தக்காளித் தோல் ஒன்று.
மூன்றேகால் மணிக்குக் கண் சொக்கியது,
பின்னால் ஓட்டினேன்.
அங்கே
குன்றிமணியில் கால் பங்குச் சிவப்பு.
அடுத்த படத்தில் இல்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார்.
கொலுசு மடிக்கும் ரோஸ் காகிதத்தில்
கழுவித் துடைத்த அந்த மாத்திரை.
திருப்பித் தர வேண்டாமென்று சொல்லித்தான் அனுப்பியிருந்தோம்.
"விலைய கேட்டதும் மனசு ஒப்பல மேடம்.
எடை போட்டுட்டேன். நாலு கிராம்.
சேதாரமே இல்ல."

சேதாரத்தைத் திரையில் காட்டினேன்.
கொக்கி பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை இடுக்கிக் குனிந்தார்.
"இத பொடி வச்சு ஊதிரலாமா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.
அவ்வளவு நீளக் குழாய் வந்து சேர
ஆடி ஆகும் என்றும் சொன்னேன்.

"ஆடியா? ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் இருக்குமே."
மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு
காகிதத்தை மட்டும்
நீவி, நாலாக மடித்து
எடுத்துக்கொண்டார்.