பதினேழாம் மூக்கு

பெயர் சொல்லக் கூடாது என்பது விதி.
பதினேழு என்கிறேன்.
வினிபெக்கில் எரிவாயு நிறுவனத்தில்
இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்க்
கசிவு பார்த்தவர்.
போன வருடம் ஒரு சளிக்காய்ச்சல்.
பத்தாம் நாள் காய்ச்சல் கிளம்பியது,
மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு.

"எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் கிடையாது, தெரியுமா?"
ஒப்புதல் படிவத்தின் பதினோராம் பக்கத்தில்
கையெழுத்திட்டபடி சொன்னார்.
"நாங்கள்தான் நாறவைத்து அனுப்புகிறோம்.
இன்று என் வீட்டு அடுப்பே திறந்து கிடந்தாலும்
நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்."

நான்கு பழுப்புப் புட்டிகள் கொடுத்தேன்.
ரோஜா. யூகலிப்டஸ். எலுமிச்சை. கிராம்பு.
காலையும் இரவும், ஒவ்வொன்றும் இருபது நொடி.
பிறகு மூக்கைக் கழுவ ஒரு நீர்.
பாதிப் பேருக்கு அதில் மருந்து,
மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்.
யாருக்கு எது, எனக்குத் தெரியாது.
டாக்டருக்கும் தெரியாது.
மூக்குக்காகக் கண்ணைக் கட்டிக்கொள்ளும் வேலை இது.
பட்டியல் மரிவிக்கின் கணினியில் பூட்டியிருக்கிறது.
மரிவிக் என்னோடுதான் மதியம் சாப்பிடுவாள்,
வானிலை தவிர எதுவும் பேசமாட்டாள்.

சோதனை நாட்களில் நான் தாளிப்பதில்லை.
தலைக்கு எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை.
தயிரும் ரொட்டியுமாக வந்து
பதினாறு பேனாக்களை ஒவ்வொன்றாகத் திறப்பேன்.
நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.
தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை.
(பயிற்சியின்போது எனக்கும் வைத்தார்கள்.
ஏதோ கறுப்பு மிட்டாயைச் சோம்பு என்றேன்.
சோம்பு விடைகளில் இல்லை. தவறு.)

பதினேழு குருட்டாம்போக்கில் சொல்வார்.
எட்டாம் வாரம் ஐந்து.
பதினாறாம் வாரம் ஐந்து.
ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அந்தக் குளிரில் காற்றுக்கே மணமில்லை,
பஸ் நிறுத்தத்தில் நின்ற எல்லோரும்
அவருடைய நோயாளிகளைப் போல,
இல்லை, அவரைப் போலவே நின்றோம்.

ஏப்ரல் பத்தொன்பது, காலை ஏழு பத்து.
தொலைபேசியில் மூச்சு வாங்குகிறார்.
"பனி உருகிவிட்டது! வேலியோரம்
குளிர்காலம் முழுக்கப் புதைந்திருந்த நாய்ப் பீ...
நாறுகிறது! நிற்க முடியவில்லை!"
பிறகு பேச்சில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசை.
அழுகையா, இன்னொரு தரம் முகர்ந்தாரா,
கேட்கவில்லை நான்.

நாற்றம் என்றால் ஒருகாலத்தில் நல்ல மணமும்தான்.
சொல் எப்போது கெட்டுப்போனதோ.
படிவத்தில் "திட்டமிடாத தொடர்பு" என்று குறித்தேன்.
எங்கள் பேனாக்களில் நாய் இல்லை.
அடுத்த சோதனையில் பதினொன்று எடுத்தார்.

செப்டம்பரில் மரிவிக் பட்டியலைத் திறந்தாள்.
பதினேழு: உப்புத் தண்ணீர்.

இருபத்திரண்டு: மருந்து.
அவள் செயின்ட் போனிஃபேஸில் ரொட்டி சுடுபவள்.
ஒரு வேளை தவறவிட்டதில்லை,
குறிப்பேட்டில் மாவுக் கைரேகைகள்.
கருகும் வாசனை வராததால்
மூன்று கடிகாரம் வைத்துச் சுடுகிறாள்.
முதல் சோதனையில் ஆறு. கடைசியிலும் ஆறு.

"இரு பிரிவுகளுக்கும் இடையே
குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை."
கட்டுரைக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.
கடிதங்கள் போயின.
பதினேழு அழைத்துக் கேட்டார்:
"அந்த உப்பு எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?"

இருபத்திரண்டு நேரில் வந்தாள்.
புட்டிகளைப் பையில் கொண்டுவந்திருந்தாள்,
மேசையில் வைக்கவில்லை.
"கிராம்பில் மட்டும் என்னமோ இருக்கிற மாதிரி.
ஒருவேளை என் நினைப்பாகவும் இருக்கலாம்."

விதிமுறைப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினேன்.
மருந்தைத் திருப்பி வாங்க ஒரு பக்கம்.
புட்டிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.