முதுகுப் பக்கம்

முதுகு காட்டுவது கோழைக்கு என்பார்கள்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

ஸ்வால்பார்டின் வடக்கு ஓரம், ஜூலை.
மணி காலை பத்தா, இரவு பத்தா என்று
இங்கே சூரியனைக் கேட்டுப் பயனில்லை.
ரப்பர் படகுகள் ஐந்து நடை போய்வந்து
நாற்பத்தாறு பேரைக் கூழாங்கல் கரையில் இறக்கின.
எல்லோரும் பனியாற்றின் நீல மதிலைப் பார்த்து நிற்க
நான் மட்டும் மேட்டைப் பார்த்து.
தோளில் துப்பாக்கி. இடுப்பில் வெடிவாணம்.
கரடி வரும் திசை என்று தனியாக ஒன்று இல்லை.
ஆனாலும் அதை
யாராவது ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மேட்டின் தோளில் ஒரு கல்.
மஞ்சள் கலந்த வெள்ளை.
நேற்று அது அங்கே இருந்ததா?
நேற்று நானே இங்கே இல்லை.
தொலைநோக்கியில் கல், வெறும் கண்ணில் கரடி.
மாற்றி மாற்றிப் பார்த்ததில்
அது மூச்சுவிடத் தொடங்கியிருந்தது.

அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்,
என்னைப் போலவே பனிக்கு முதுகைக் கொடுத்து.
பெயர் லுட்கார்ட். பெல்ஜியம்.
முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட்டில் வேலையாம்.
"எல்லோரும் ரயிலைப் பார்ப்பார்கள்,
நான் ரோட்டைப் பார்ப்பேன்" என்றாள்.
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
"அந்தக் கல்லில் உனக்கு என்ன சந்தேகம்?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நீ அந்தப் பக்கம் திரும்பியபோது
ஒரு நரி அதன்மேல் காலைத் தூக்கிவிட்டுப் போனது.
கரடிமேல் எந்த நரி ஒன்றுக்குப் போகும்?"

சிரிக்க வாய் திறந்தேன்.
பனி உடைவதைப் பார்ப்பவர்களுக்கு
முதலில் காட்சி, பிறகுதான் சத்தம்.
எனக்கு முதலில் வந்தது
நாற்பத்தைந்து பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்த ஒலி.
அதன் பிறகு இடி.
பூட்ஸுக்கு அடியில் கூழாங்கல் நடுங்கி அடங்கியது.
ரேடியோவில் எஸ்கில் கத்தினான்:
"மேலே ஏற்று டோருன், மேலே! அலை வருகிறது!"

பின்னால் அலை.
முன்னால் கல்.
நான் பார்க்காத ஒரு நரி, அதற்கு
ஒரு மணி நேரப் பழக்கம்கூட இல்லாத ஒருத்தி சாட்சி.

நடத்தினேன், எல்லோரையும், அந்தக் கல்லை நோக்கி.
அவள் இரண்டு கைகளையும் அகல நீட்டி,
கேட்டை இறக்குவது போல,
கேமராவோடு கரைப் பக்கம் ஒதுங்கியவர்களை மறித்தாள்.
ஒருவன் திட்டினான்.
கை இறங்கவில்லை.

அலை வந்தது. நாங்கள் நின்ற இடத்தை நக்கிப் பார்த்தது.
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறையோடு திரும்பிப் போனது.
கலங்கிய நீரில் இறால் பொறுக்க
நூற்றுக்கணக்கில் கடற்பறவைகள் இறங்கினவாம்.
ஒரு சீல் மிதக்கும் பனித்துண்டில்
ஒன்றுமே நடக்காதது போலப் புரண்டு படுத்ததாம்.
இவை கேள்வி.
நான் பார்த்தது, கல்லின் அடியில்
ஒரு சின்ன மஞ்சள் ஈரம்.

இரவுச் சாப்பாட்டில் மேசைக்கு மேசை போன்கள்.
ஒரு ஜப்பானியர் தன்னுடையதை என் முன் நீட்டினார்.
சத்தம் அணைத்திருந்தது.
நீல மதில் ஒன்று
யாரும் தள்ளாமல், முனகாமல்,
மண்டியிட்டுக் கடலுக்குள் போனது.
சூப் ஆறும்வரை மூன்று முறை பார்த்தேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
கரையிறக்கம், நாற்பத்தாறு பேர்.
திரும்பியது, நாற்பத்தாறு.
கரடி, இல்லை.
நரி என்று எழுதப் பத்தி இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

நடைவழியில் லுட்கார்ட், கையில் பல் துலக்கும் பிரஷ்,
காலில் கப்பல் கொடுத்த பெரிய செருப்பு.
நன்றி சொல்ல வாய் எடுப்பதற்குள் கேட்டாள்:
"நாளைக்கு நமக்கு எந்தப் பக்கம்?"