வாரம் மூன்று நொடி

பழைய பதிப்பில் ஈர்ப்புக்கு வேலி இருந்தது.
எல்லையைத் தாண்டிய கணமே
கோள் உன்னை மறந்துவிடும்,
நிலவு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளும்.
ஒரு நேரத்தில் ஒரே எஜமான்.
பொய்தான், ஆனால் சுத்தமான பொய்:
ஒருமுறை போட்ட வட்டம்
கணினி அணையும்வரை வட்டம்.

மார்ச்சில் அந்த வேலியைப் பிடுங்கினேன்.
தார்த்துவில் ஆற்றின் மேல் பனிக்கட்டி
விரிசல் விடும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.
இனி எல்லாம் எல்லாவற்றையும் இழுக்கும்,
உர்மாஸ் அழகுக்காக வைத்த
குட்டி நிலவு உட்பட.

முதல் ஓட்டத்தில், முந்நூற்று நாற்பதாம் நாள்
குட்டி நிலவு
யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனது.
உர்மாஸ் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தான்.
"வைத்த இடத்தில் நிற்காதா?"
நிற்காது. உள்ளே தள்ளி வை.

பிறகு கணக்கு கசிந்தது.
அடிக்கு ஒரு துளி ஆற்றல்
எங்கிருந்தோ கூடிக்கொண்டே வந்தது.
முறையை மாற்றினேன்:
அரைத் தள்ளு, ஒரு நகர்வு, மறுபடி அரைத் தள்ளு.
தவளைப் பாய்ச்சல் என்று பெயர்.
பெயர் வைத்தவர் குளம் பார்த்தவர்.

பெரிய நிலவின் தரைக்கடியில் கட்டிகளும் வைத்தேன்,
ஒருபக்கம் அடர்த்தி, ஒருபக்கம் சோகை.
தாழப் பறப்பவன் தடுமாறட்டும் என்று.

தடுமாறினார் ஒருவர்.
வெளியிட்ட பன்னிரண்டாம் நாள் கடிதம்.
சாரெமா தீவு. வம்போலா. படகில் எஞ்சின் வேலை.
நான்கு வருடமாகக் கணினியை அணைத்ததே இல்லையாம்;
நிலவைச் சுற்றி ஒரு கலம்,
அதில் ஆள் இல்லை, வேலையும் இல்லை,
விளக்கு மட்டும் எரியும்.
"புதுப் பதிப்பு போட்டேன். நேற்று விழுந்துவிட்டது.
நான் என்ன செய்தேன்?"

எழுதி அழித்து, எழுதி அழித்து,
கடைசியில்:
நீங்கள் ஒன்றும் செய்யவில்லை.
அதனால்தான்.

அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது.
பழைய வேலிக்கு ஒரு பொத்தான் வைத்தோம்,
அவருக்காகவே. சொல்லியும் அனுப்பினோம்.
அவர் அதைத் தொடவில்லை.

புதுக் கலம் ஏற்றினார், எரிபொருள் கொஞ்சம் கூட.
ஞாயிறு காலை, முதல் படகுக்கு முன்,
எழுந்து மூன்று நொடி எரிக்கிறார்.
மாதம் ஒரு வரி வரும்:
"இன்னும் இருக்கிறது."

நேற்று வந்ததில் மட்டும்
கூடுதலாக ஒன்று:
"இந்த வாரம் நான்கு நொடி. ஏன்?"

தெரியவில்லை.
பார்க்கிறேன்.