சுட்ட கரடி

கூஹ்மோ காவல் நிலையம். செப்டம்பர், மாலை ஆறரை.
ஈரத் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு
தௌனோ யுந்துனென் சொல்லச் சொல்ல
சிர்க்கு தட்டச்சு செய்கிறாள்:

நான் சுட்ட கரடி சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

தமிழில் இவ்வளவுதான்.
செத்துக் கிடக்கிறதா, தோளில் ஈயத்தோடு நடக்கிறதா,
நம் பெயரெச்சம் மூச்சுவிடாது.
உருபை விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு
பெயருக்கு முன்னால் சாதுவாக நிற்கும்.

அங்கே கரடி முதலில் வந்துவிடும்.
ஒரு காற்புள்ளி.
அதன் பின்னால் 'எது' என்கிற சொல்
தன் வேற்றுமையைத் தானே சுமந்துகொண்டு வரும்.
யொங்கா என்றால் சுட்டேன், விழுந்தது, தீர்ந்தது.
யொதா என்றால் சுட்டேன்.
குண்டு கரடியில் கொஞ்சத்தை மட்டும் தொட்டதுபோல.
மீதிக் கரடி வாக்கியத்துக்கு வெளியே.

சிர்க்கு பழக்கத்தில் யொங்கா என்று அடித்திருந்தாள்.
படித்துக் காட்டியபோது அவர் நிமிரவில்லை.
"யொதா" என்றார்.

திரையைப் பார்க்காமலே திருத்தினாள்,
மறுகை தொலைபேசியை எடுத்துவிட்டது.
சதுப்போரத்து நான்கு வீடுகளுக்கு,
பெர்ரி பறிக்க வந்த தாய்லாந்துப் பெண்களின் முகாமுக்கு,
பள்ளிப் பேருந்து ஓட்டும் ராய்லிக்கு.

வேற்றுமை நமக்கு எட்டு. அவர்களுக்குப் பதினைந்து.
அதில் ஒன்று இப்படி
ஓர் ஊரின் கதவுகளைத் தாழிடவைக்கும் என்று
நான் படித்த எந்த இலக்கணத்திலும் இல்லை.

பாசிமேல் ரத்தம். அப்புறம் மழை. அப்புறம் நாய்க்கும் ஒன்றுமில்லை.
மறுநாள், பழத்தோல் நிறைந்த எச்சம் ஒன்று, ஆறாத சூட்டோடு.
எச்சம்:
முடியாத வினைக்கும் நாம் வைத்த பெயர்.
தேடு என்ற வினை அவர்கள் மொழியில்
எப்போதும் அந்தக் கொஞ்ச வேற்றுமையைத்தான் கேட்கும்.
காத்திரு என்பதும். பயப்படு என்பதும்.
நேசி என்பதும்தான், ஆனால் அது இந்தக் கோப்பில் வராது.

மூன்றாம் நாள் விடியலில் ஒரே ஒரு வெடிச்சத்தம்.

பூட்ஸைக் கழற்றாமல் தௌனோ வந்து நின்றார்.
காபி வேண்டாம் என்றார், அந்த ஊரில் யாரும் சொல்லாதது.
"அந்த இன்னொரு சொல்லைப் போட்டுவிடு."

சிர்க்கு வாக்கியத்தைத் தேடி எடுத்து
தா-வை அழித்தாள்.
யொ மட்டும் நின்றது, பக்கத்தில் கோடு துடித்துக்கொண்டு.
அதுவும் அங்கே முழுச் சொல்தான்:
ஏற்கெனவே.