முற்றுப்புள்ளியில் ஒரு குறிப்பு

இரவு பதினொன்று பத்துக்கும்
பத்து 'சி' விழித்திருக்கிறது.
ஒரே கதை, முப்பத்தொரு திரை.
மட்டக்குளியிலிருந்து ஷிஃப்னா
முதல் வரிக்கு மஞ்சள் பூசுகிறாள்.
அதன் ஓரத்தில் துஷாந்தன்:
'இந்தாள் பொய் சொல்லுது.'
கீழே ஏழு பதில்கள், ஒரு சிரிப்பு முகம்,
'மிஸ், டேட்டா முடியப் போகுது.'

நான் எதையும் திருத்தவில்லை.
வெள்ளவத்தையில் கடைசிக் கோச்சி போக
யன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கிற்று.

வகுப்பில் வாய் திறவாத ரெஜினோல்ட்
மூன்றாம் பந்தி முடிவில்
முற்றுப்புள்ளியை மட்டும் மஞ்சளாக்கியிருந்தான்.
'இதுக்கும் அடுத்த பந்திக்கும் நடுவுல
அவன்ட அம்மா செத்துட்டாங்க.
கதையில சொல்லல.
வெறும் இடத்த செலக்ட் பண்ண முடியல மிஸ்,
அதனால இதுல எழுதுறேன்.'

முப்பது பேர் தாண்டிப்போன இடம்.
பன்னிரண்டு வருடமாய்
இதே கதையைப் படிப்பிக்கும் நானும்.

பதில் பெட்டியைத் திறந்து
'நன்று' என்று அடித்தேன்,
அழித்தேன்.

எனக்கு முன்னே யாரோ
அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.
மூன்று புள்ளிகள்
எழும்பி எழும்பி
விழுகின்றன.