ஒன்பதாம் நிலையம்

முதலில் சட்டகத்தைச் சொல்லவேண்டும்.
அரை அங்குல பி.வி.சி. குழாய், நாலு முழங்கை மூட்டு,
மீற்றருக்கு மீற்றர்.
வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
ஏறுகிற ஆளெல்லாம் கேட்டார்கள்: என்ன புள்ள, யன்னலா?

ஓம். சேற்றுக்கு ஒரு யன்னல்.
அதற்குள் அகப்படும் ஊரிகளை எண்ணுவது என் வேலை.

வாவியில் பன்னிரண்டு நிலையங்கள்.
ஆறு எழுவான்கரையில்,
ஏழிலிருந்து மிச்சமெல்லாம் படுவான்கரை.
எனக்கு முன் எண்ணியவர் அழகரெட்ணம்,
ஆய்வுகூட உதவியாளர். முகம் தெரியாது.
அவர் எழுதுகிற ஏழு தெரியும்,
இடுப்பில் ஒரு சின்னக் கோடு கட்டியிருக்கும்.

அவருடைய கொப்பியில் ஒன்பதாம் நிலையம்:
எண்பத்தெட்டு, நாற்பத்தொன்று.
எண்பத்தொன்பது, முப்பத்தேழு.
தொண்ணூறு,

அவ்வளவுதான். ஒரு காற்புள்ளி.
மறுகா பதினேழு வருசம் வெறும் கட்டங்கள்.
துறையில் தோணி ஓடவில்லை என்று
எந்தக் கட்டத்திலும் எழுதியில்லை.
எழுவான்கரைப் பக்கம் மட்டும்
கோடு கட்டிய ஏழுகள் கொஞ்சக் காலம் நடக்கின்றன.
பிறகு வேறு யாரோவின் ஏழு.

கணினியில் ஏற்றும்போது பிழை விட்டேன்.
வெறும் கட்டங்களை மென்பொருள்
பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது.
திரையில் கோடு தொண்ணூறில் குப்புற விழுந்து
பதினேழு வருசம் தரையில் கிடந்து
தூசி தட்டிக்கொண்டு எழும்பியது.
ஒரு இனம் செத்து, திரும்பி வந்திருக்கிறது!
ஒரு இரவு முழுக்க அதை நம்பினேன்.

பூச்சியம் என்றால்
போனேன், குனிந்தேன், முழங்கை மட்டும் சேற்றில் துழாவினேன்,
இல்லை.
வெறும் கட்டம் என்றால்
போகவில்லை. போக விடவில்லை.
இரண்டும் ஒரே இல்லை இல்லை.

தோணிக்காரன் டிலுக்சனுக்கு இதைச் சொன்னேன்.
இஞ்சினை நிப்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.
"எங்கட அம்மாவும் உங்கட கட்சிதான் மிஸ்.
கச்சேரியில ஒரு ஃபோம் கிடக்கு.
கடைசிக் கட்டத்தில
ஒண்டும் எழுத விடுறா இல்ல."
கயிற்றை இழுத்தான்.
மூன்றாம் இழுவையில்தான் இஞ்சின் பிடித்தது.
அந்த இரண்டு இழுவைக்கும் இடையில்
நான் ஏதாவது கேட்டிருக்கலாம்.

வெளிநாட்டுக் கூட்டாளி மின்னஞ்சலில் அன்பாக எழுதுகிறார்:
முன்னும் பின்னும் இருப்பதை வைத்து
நடுவைக் கணித்து நிரப்பலாம், முறை இருக்கிறது.
இருக்கிறது. எனக்கும் அது தெரியும்.
மழைக்கணக்கு இருக்கிறது, கடல்மட்டம் இருக்கிறது,
முகத்துவாரம் எந்தெந்த வருசம் வெட்டினார்கள் என்பதும்கூட.
அந்தப் பதினேழு வருசமும் வாவி
தன் பாட்டில் உப்பேறி உப்பிறங்கியிருக்கும்.
ஊரிகள் பிறந்திருக்கும், செத்திருக்கும்.
ஒருவரும் குனியவில்லை.

இன்று ஏழாம் நிலையத்தில் ஆறு.
எட்டில் இரண்டு. சேற்றின் சூடு முப்பத்தைந்து.
ஆய்வுக்கட்டுரைக்கு இது நல்ல சரிவு.
நல்ல என்ற சொல்லை எழுதி வெட்டினேன்.

ஒன்பதுக்கு ஜி.பி.எஸ். காட்டிய புள்ளி
ஒரு இறால் பண்ணைக்குள் விழுந்தது.
முள்ளுக்கம்பி. அந்தப் பக்கம் சதுரமான தண்ணீர்,
என் சட்டகத்தைவிட எவ்வளவோ பெரிய சதுரம்,
அதில் ஒரு சில்லு விடாமல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது.
நாய் எங்களைப் பார்த்துக் குரைத்துக் களைத்துப் படுத்தது.

"சைபர் போடவா, சும்மா விடவா?"
பென்சில் டிலுக்சனிடம் இருந்தது.

கம்பிக்குக் கீழே கிறுகிக் கையை விட்டு
ஒரு ஊரியை எடுத்து நீட்டினான்.
கறுத்து, உள்ளே மணல் அடைந்திருந்தது.
ஓடு கணக்கில் வராது, உயிர் வேணும் என்றேன்.
"கணக்கில வராட்டி எனக்குத் தாங்க."
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கட்டத்தை விட்டுவிட்டு, ஓரத்தில், குறிப்புக்கான இடத்தில் எழுதினேன்:
வேலி. நாய் ஒன்று. பி.ப. 4.10.
வந்தோம்.