பச்சைக்கு உறை

செம்பனை ஆலையில் எனக்குத்
தண்ணீரை முகர்ந்து பார்க்கும் வேலை.
கயிறு கட்டிய பாட்டிலை இறக்கி
குளம் குளமாக மொண்டு வர வேண்டும்.
முதல் குளம் கொதிக்கிற கறுப்பு.
மூன்றாவதில் குமிழியும் அழுகல் முட்டை வாடையும்.
ஏழாவதில் மெல்லப் பச்சை பிடிக்கும்.
பச்சை பிடித்தால் கொக்கு வந்து நிற்கும்.
கொக்கு நின்றால்
அந்த வாரம் அறிக்கையில்
எண்கள் என்னோடு சண்டை போடாது.

இப்படிப்பட்டவள் வீட்டில்
ஆமைத் தொட்டி வேறெப்படி இருக்கும்?

ஊத்தான் மெலிந்தாங் பாசார் மாலாமில்
ஐம்பது காசு அகலத்தில் வாங்கினோம்,
பெட்டியோடு இரண்டும் பதினாறு வெள்ளி.
இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு.
முட்டித் தள்ளிக்கொண்டே போவது லோரி.
இருட்டிய பிறகும் பலகையைவிட்டு
இறங்காதது ஓவர்டைம்.
நீல டிரம்மை நெடுக்காக அறுத்து
பின்கட்டில், காலை வெயில் விழும் பக்கம்.

பின்வீட்டுக் கனகாம்பரி எட்டிப் பார்த்து,
"என்னக்கா, கீரை கடைஞ்சி ஊத்தினாப்பல."

ஆமாம், கீரைதான்.
ஆமையின் அழுக்கைத் தின்று வளரும் கீரை.
கையை இறக்கிப் பார்ப்பேன்.
வளையல் நனையுமுன் விரல்நுனி மறைந்தால்
இரண்டு வாளி வாழைக்குப் போகும்;
இரண்டு நாள் வெயிலில் கிடந்த குழாய்த் தண்ணீர்
அந்த இடத்துக்கு வரும்.
மழை நனைத்த இலை போல் மணந்தால் விட்டுவிடலாம்.
பெயிண்டைக் கொட்டியதுபோல் மேலே ஏடு கட்டினால்
அது வேறு பச்சை,
அதை நம்பக் கூடாது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை
எனக்கு இரவு ஷிப்ட்.
பரந்தாமன், அன்பில்தான்,
குளோரோக்ஸ் ஊற்றித் தேய்த்திருக்கிறார்.
விடியலில் கைவிளக்கை அடித்துக் காட்டினார்:
"பாத்தியா கலரை!"
நீலம்.
வாங்கிய அன்றுகூட அப்படி ஒரு நீலம் இல்லை.
ஆஸ்பத்திரித் தரை வாடை.
ஒளிய இடமில்லாமல்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன இரண்டும்.

நாலாம் நாள் லோரிக்குக் கண் வீங்கியது.
கங்கோங் தழையைத் தொடவில்லை.
ஈக்கான் பீலிஸை நீட்டினால்
ஓட்டுக்குள் தலை போனது.
அவர் ஒன்றும் பேசவில்லை;
முறுக்கு டின்னைத் திறந்தார், மூடினார்.

அப்போதுதான் ரோஸ்னா நினைவு.
ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை.
மார்ச்சில் அவள் வளர்க்கும் கப்பி மீன்களுக்கு
இதே தொட்டியிலிருந்து
ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் மோட்டாரில் வந்தாள்.
கூடையில் ஒன்றரை லிட்டர் பாட்டில்,
மூடியில் ஊசித் துளை.
பழைய கடன் என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள்.
நெய் உருண்டை கட்டிக் கொடுத்தேன்.
பிறகுதான் பார்த்தேன்,
தெரியாமல் ஏறி வந்திருந்தது
கண்ணும் வாலும் மட்டுமேயான ஒரு கப்பிக் குஞ்சு.

கழுவி, அலசி, புதிதாய் நிரப்பி
வாடை போகக் காத்திருந்த தண்ணீரில்
உறைமோர் விடுவதுபோல் விட்டேன்.
உறை ஊற்றினால் திறந்து பார்க்கக் கூடாது.
மணிக்கொரு தரம் பார்த்தேன்.
முதல் நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள்
எனக்கு மட்டும் தெரிகிற ஒரு சந்தேகம்.
ஐந்தாம் நாள்
வாழைக் குருத்தைப் பிழிந்த நிறம்.

தெலுக் இந்தான் வைத்தியர் தந்த சொட்டு மருந்தும்
வேளை தவறாமல் விட்டேன், பொய் சொல்லக் கூடாது.
எது குணமாக்கியது என்பதற்கு
என்னிடம் எண் இல்லை.

எட்டாம் நாள் லோரி கண்ணைத் திறந்தது.
திறந்ததும் செய்த முதல் காரியம்
அந்தக் கப்பிக் குஞ்சைத் தின்றது.

ரோஸ்னாவிடம் இன்னும் சொல்லவில்லை.